ஆற்றுமுகத்துக் கல்லும் மாயா எழுத்தும்

1843ஆம் ஆண்டு ஜனவரியில், சிங்கப்பூர் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் நின்றிருந்த பெரும் பாறை ஒன்றை வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். சுமார் பத்தடி உயரம், ஏறக்குறைய அதே அளவு அகலம். நடுவே பிளந்து இரண்டாக நின்ற அந்த மணற்கல்லின் முகத்தில் ஐம்பது வரிக்குக் குறையாமல் எழுத்து வெட்டியிருந்தது. கோட்டைக்கு இடம் வேண்டும், கோட்டைத் தலைவருக்கு வீடு கட்ட வேண்டும் என்று, பொறியாளர் பொறுப்பிலிருந்த கேப்டன் ஸ்டீவன்சன் இட்ட உத்தரவில் அது போயிற்று. இன்று ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் நிற்கும் பக்கம்தான் அந்த இடம்.

அதே 1843இல் நியூயார்க்கில் ஒரு நூல் வெளியானது. எழுதியவர் ஜான் லாயிட் ஸ்டீஃபன்ஸ் என்ற வழக்கறிஞர். யுகட்டான் தீபகற்பத்துக் காடுகளில் புதைந்து கிடந்த மாயா நகரங்களைப் பற்றி அவர் எழுதிய இரண்டாவது பயண நூல் அது. உலகத்தின் ஒரு கோடியில் யாராலும் படிக்க முடியாத எழுத்தைத் தூளாக்கினார்கள். மறு கோடியில் யாராலும் படிக்க முடியாத எழுத்தைக் கோடு கோடாகப் பார்த்து வரைந்து அச்சேற்றினார்கள். மாயா எழுத்தை இன்று பெரும்பாலும் வாசித்துவிடுகிறார்கள். சிங்கப்பூர்க் கல்லில் ஒரு முழு வரியைக்கூட எவரும் ஐயமின்றி வாசிக்கவில்லை. தமிழர்களாகிய நமக்கும் அந்தக் கல்லில் பங்கு இருக்கலாம் என்பதால், ஏன் இப்படி ஆயிற்று என்று சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஸ்டீஃபன்ஸ் 1839இல் ஹோண்டுராஸ் காட்டுக்குள் கோப்பான் என்ற இடிபாட்டு நகரை அடைந்தார். இடத்துக்கு உரியவரிடம் 50 டாலர் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். கூடப் போன ஆங்கிலேய ஓவியர் ஃபிரடெரிக் கேதர்வுட் சேற்றில் கால் புதைய நின்று, கொசுக்கடி தாங்காமல் கையுறை மாட்டிக்கொண்டு வரைந்தார். முதலில் அவருக்குக் கை வரவில்லை. எகிப்தையும் ரோமையும் வரைந்து பழகிய கண்ணுக்கு அந்தச் சிற்பங்களின் நெளிவு பிடிபடவில்லை. கிழித்துப்போட்டுவிட்டு மறுபடி தொடங்கினார். வாசிக்கத் தெரியாமலே எழுத்தைப் பிசகாமல் வரைந்த அந்தப் பொறுமை பின்னால் வந்தவர்களுக்குக் கைகொடுத்தது.

ஸ்டீஃபன்ஸ் சொன்ன இன்னொன்று அதைவிடப் பெரியது. இவற்றைக் கட்டியவர்கள் எகிப்தியர், இஸ்ரேலின் தொலைந்த குலத்தார், கடலில் மூழ்கிய அட்லாண்டிஸ்காரர் என்றெல்லாம் அக்காலத்தில் ஊகங்கள் ஓடின. அவர் மறுத்தார். இங்கே சோளக்கொல்லையில் உழைத்துக்கொண்டிருக்கிறார்களே, இவர்களுடைய முன்னோர்தான் இவற்றைக் கட்டினார்கள் என்று எழுதினார். இந்த எழுத்தில் இருப்பது அரசர்களின் வரலாறாகத்தான் இருக்கும் என்றும் ஊகித்தார். இரண்டும் சரி என்று நிரூபணமாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

நம் கல்லுக்கும் ஒரு கேதர்வுட் இருந்தார் என்று சொல்லலாம். 1819இல் ராஃபிள்ஸ் வந்திறங்கிய சில மாதங்களில், ஆற்றுமுகத்துக் காட்டை வெட்டும்போது கல் வெளிப்பட்டது. வெட்டிக்கொண்டிருந்த வங்காளக் கப்பலாட்கள் அதைக் கண்டு மிரண்டு வேலையை நிறுத்திவிட்டார்களாம். கூடுதல் கூலி கொடுத்துச் சீனத் தொழிலாளர்களை வைத்துத்தான் மீதியை முடித்தார்கள். கடல் உப்பும் மழையும் எழுத்தை அரித்திருந்தன. வில்லியம் பிளாண்ட் என்ற மருத்துவர் 1833 முதல் அந்தக் கல்லுக்கு அடிக்கடி போய்வந்தார். பிசைந்த மாவை ஒவ்வோர் எழுத்தின் மீதும் அழுத்தி அச்செடுத்தார். தடம் தெரிந்த பள்ளங்களில் வெள்ளை ஈயம் பூசினார். மாலைச் சூரியன் சாயும்போது பள்ளத்தில் விழும் நிழலைப் பார்த்துக் கோடுகளைத் திருத்திக்கொண்டார். உள்ளூர் எழுத்தர் ஒருவர் உடனிருந்து உதவினார். அந்தப் படியை 1837இல் கல்கத்தாவில் ஆசியவியல் கழகத்தின் இதழில் வெளியிட்டவர் ஜேம்ஸ் பிரின்செப். அசோகரின் பிராமி எழுத்தை அவர் வாசித்துக் காட்டியதும் அதே காலத்தில்தான்.

கோயில் சுவரில் ஈரத்தாளை ஒட்டித் தட்டி, மேலே மை ஒற்றி மைப்படி எடுக்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் அருமை தெரியும். தமிழ்நாட்டில் எத்தனையோ கல்வெட்டுகள் கோயில் திருப்பணியில் மண்ணடித்துப் போன பிறகும் மைப்படியில் உயிரோடிருக்கின்றன. சிங்கப்பூரில் மாவுப்படி அச்சாகி ஆறே ஆண்டில் கல் வெடித்தது. கல்லை விட்டுவிடுங்கள் என்று கர்னல் ஜேம்ஸ் லோ கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. வெடித்த பின் அவர் ஆற்றைக் கடந்து வந்து, எழுத்துள்ள சிதறல்களைப் பொறுக்கி, சீனக் கல்தச்சரைக் கொண்டு பலகைகளாகச் செதுக்கிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். இன்னொரு பெரிய துண்டு அரசாங்கக் கருவூலத்தின் தாழ்வாரத்தில் கிடந்தது. காவல் சிப்பாய்களும் வேலையாக வந்து காத்திருந்தவர்களும் அதன் மேல் உட்கார்ந்து உட்கார்ந்து எழுத்து தேய்ந்துவிட்டது. ஆளுநர் பட்டர்வொர்த் அதைக் கண்டெடுத்தபோது காலம் கடந்திருந்தது. முன்ஷி அப்துல்லா தம் வாழ்க்கை வரலாற்றில் இந்த அழிவைப் பற்றி மனம் நொந்து எழுதியிருக்கிறார். நாகூர்த் தமிழ் வேர் உள்ள மலாய் எழுத்தாளர் அவர். கல்லின் அருமை தெரிந்த ஒருவர் ஊரிலேயே இருந்திருக்கிறார் என்பது வேதனையைக் கூட்டுகிறது.

மாயா மக்களுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடியது. 1562 ஜூலையில் யுகட்டானின் மானி என்ற ஊரில், தியேகோ தெ லாந்தா என்ற பிரான்சிஸ்கன் துறவி அவர்களுடைய ஏடுகளைக் குவித்து எரித்தார். அத்திமர இனப் பட்டையில் செய்த தாளில், வண்ணத்தில் எழுதி விசிறி போல் மடித்த ஏடுகள் அவை. இன்று உலகில் மிஞ்சியிருப்பவை நான்கே நான்கு. மூன்று ஏடுகள் டிரெஸ்டன், மாட்ரிட், பாரிஸ் நகரங்களில் உள்ளன, நான்காவது மெக்சிகோவில். டிரெஸ்டன் ஏட்டில் வெள்ளிக் கோளின் தோற்ற மறைவுக் கணக்கு வரிசையாக இருக்கிறது. எரிந்த ஏடுகளில் என்னென்ன இருந்தன என்பதை நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

எரித்த அதே லாந்தா, பின்னர் தாம் எழுதிய நூலில் மாயாவின் எழுத்துகளைக் குறித்து வைத்தார். ஒரு மாயா எழுத்தரை உட்கார வைத்து ஸ்பானிய அகரவரிசையைச் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். நம்மிடம் 'பி, சி, டி' என்று சொல்லி எழுதச் சொன்னால் நாம் பி, சி, டி என்று உயிர்மெய்யாகத்தானே எழுதுவோம்? அந்த எழுத்தரும் அதையே செய்தார். லாந்தா அதை அகரவரிசை என்று நம்பிவிட்டார். இடையே, ஏதாவது ஒரு வாக்கியம் எழுதிக் காட்டு என்றதற்கு, அவர் எழுதியது 'மா இன் க'அதி'. 'எனக்கு விருப்பமில்லை' என்று பொருள். சலிப்போ எதிர்ப்போ, தம் எழுத்திலேயே எழுதி வைத்துவிட்டுப் போனார் அந்த மனிதர்.

லாந்தா நூலின் கையெழுத்துப் படி 1862இல் மாட்ரிடில் கிடைத்தது. அகரவரிசை என்று எண்ணி வாசித்தவர்களெல்லாம் தோற்றார்கள். சோவியத் நாட்டில் யூரி நோரோசோவ் என்ற இளைஞர், மாயா நிலத்தில் கால் வைக்காமலே, 1952இல் பூட்டைத் திறந்தார். அது அகரவரிசை அல்ல, உயிர்மெய் வரிசை என்றார். வான்கோழிக்கு மாயா மொழியில் 'குட்ஸ்'. அதைக் 'கு' 'ட்ஸு' என்று இரண்டு குறியால் எழுதுவார்கள். கடைசி உகரத்தை உச்சரிப்பதில்லை. நாய்க்கு 'ட்ஸுல்'. அதிலும் அதே 'ட்ஸு' குறி வந்து நின்றது. பூட்டு திறந்ததற்கு அதுவே சான்று.

நம் பழைய ஓலைச்சுவடியில் புள்ளி இருக்காது. 'க'வா, 'க்'கா என்பதை மொழி தெரிந்தவர்தான் முடிவு செய்ய முடியும். மாயா எழுத்தும் அப்படியே. கடைசி உயிரைச் சொல்வதா விடுவதா என்பது மொழி தெரிந்த வாய்க்குத்தான் தெரியும். அந்த வாய் இருந்தது. அதுதான் இந்தக் கதையின் உயிர்நாடி. யுகட்டெக், சோல், கிச்சே என்று ஏறக்குறைய முப்பது மாயா மொழிகள் இன்றும் பேசப்படுகின்றன. பேசுவோர் சுமார் 60 லட்சம். 9ஆம் நூற்றாண்டில் தென்பகுதி நகரங்கள் வறட்சியாலும் போராலும் காலியாயின. அதை 'மாயா மறைந்தார்கள்' என்று பள்ளிப் பாடங்கள் சொல்வது தவறு. நகரத்தை விட்டார்கள், மொழியை விடவில்லை. அவர்களுடைய கடைசி அரசு ஸ்பானியரிடம் வீழ்ந்தது 1697இல்.

பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எரிக் தாம்சன் போன்ற பெரிய அறிஞர்கள் கல்வெட்டில் காலக்கணக்கும் வானியலும் தவிர வேறில்லை என்று உறுதியாக நம்பியிருந்தார்கள். 1960இல் தாத்தியானா புரோஸ்குரியாகோஃப் பியத்ராஸ் நெக்ராஸ் என்ற ஊரின் நெடுங்கற்களில் உள்ள தேதிகளை அடுக்கிப் பார்த்தார். ஒவ்வொரு தொகுதியும் ஒரு மனித ஆயுளுக்குள் அடங்கியது. பிறப்பு, முடிசூட்டு, போர். நம் மெய்க்கீர்த்தி படித்தவர்களுக்கு இது பழகிய உலகம். யார் மகன், யாரை வென்றான், எவனைச் சிறைபிடித்தான் என்பதை மாயா அரசர்களும் கல்லில் வெட்டினார்கள். கோப்பானின் எழுத்துப் படிக்கட்டில் 2,000க்கு மேற்பட்ட குறிகள் உண்டு. பலெங்கேயின் பகால் 615இல் பட்டமேறி 683இல் இறந்தான் என்று ஆண்டுக் கணக்கோடு சொல்ல முடிகிறது. பல்லவர் காலத்து அரசன் அவன்.

எனக்குப் பிடித்தது ஒரு பானை. 1984இல் குவாத்தமாலாவின் ரியோ அசுல் கல்லறையில் கிடைத்தது. திருகிப் பூட்டும் மூடி கொண்டது. அதன் மேலிருந்த குறிகளை டேவிட் ஸ்டூவர்ட் என்ற இளைஞர் 'ககவ்' என்று வாசித்தார். கொக்கோ. பானைக்குள் ஒட்டியிருந்த கறையை அமெரிக்கச் சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷியின் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கொக்கோவுக்குரிய வேதிப்பொருள்கள் அதில் இருந்தன. 1,500 ஆண்டுப் பழைய பானை தன் பெயரைத் தானே சரியாகச் சொல்லியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைப் பேசாமல் போக முடியாது. மாயா என்றதும் தமிழர் கூடும் எந்த மேடையிலும் 'மயன்' என்ற பெயர் எழுந்துவிடும். கன்னியாகுமரி வள்ளுவர் சிலையை வடித்த வை. கணபதி ஸ்தபதி மாயா இடிபாடுகளை நேரில் பார்த்து, நம் மரபில் வரும் மயனின் வழிவந்தவர்களே மாயர்கள் என்று எழுதியும் பேசியும் வந்தார். சிற்பத்தில் அவர் கைக்கு நான் தலைவணங்குகிறேன். இந்தக் கருத்தை ஏற்க எனக்கு வழியில்லை.

ஏன் இந்த எண்ணம் தோன்றுகிறது என்பது புரிகிறது. மாயா மக்களுக்கும் பூஜ்யம் இருந்தது. சிப்பி போன்ற குறி. சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் வாங்கும் பஞ்சாங்கத்தில் கலியுக ஆண்டு போட்டிருக்கும். அதன் தொடக்கம் கி.மு. 3102. மாயா நெடுங்கணக்கின் தொடக்கம் கி.மு. 3114. பன்னிரண்டே ஆண்டு வித்தியாசம் என்றதும் உடல் சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் இரண்டும் பிற்காலத்து வானியலாளர்கள் பின்னோக்கிக் கணக்கிட்டு வைத்த தொடக்கங்கள். நெடுங்கணக்குத் தேதி கொண்ட மிகப் பழைய கற்கள் கி.மு. முதல் நூற்றாண்டைத் தாண்டிப் போகவில்லை. கூர்ந்து வானம் பார்த்த இரண்டு மக்கள் தனித்தனியே பெருங்கணக்குப் போட்டார்கள், அவ்வளவே.

தேக்கா சந்தைக்குள் போனால் இதற்கு வேறொரு சான்று கிடைக்கும். காய்ந்த மிளகாய் மூட்டை, பப்பாளி, மக்காச்சோளம், இங்கே 'சிக்கு' என்று சொல்லும் சப்போட்டா எல்லாம் நடு அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டவை. சப்போட்டா மரத்துப் பாலைத்தான் மாயா மக்கள் மென்றார்கள். 1992இல் சிங்கப்பூர் தடைசெய்த சூயிங்கமுக்கு மூலம் அதுவே. இவற்றில் ஒன்றுகூடச் சங்க காலத்து அடுக்களையில் இல்லை. அங்கே காரத்துக்கு மிளகுதான். போர்த்துக்கீசியர் வந்த பிறகே மிளகாய் நம் அம்மிக்கு வந்தது. தமிழன் அங்கே போய் நகரங்கள் கட்டியிருந்தால் திரும்பும்போது ஒரு மிளகாய் விதையாவது மடியில் வந்திருக்காதா? அரிசியோ இரும்போ மாடோ அங்கே போயிருக்காதா? இரண்டும் இல்லை. மொழியிலும் உறவில்லை.

இதில் எனக்குள்ள வருத்தம் தர்க்கத்தைப் பற்றியது மட்டுமல்ல. தஞ்சைக் கோயிலை எங்கிருந்தோ வந்த வேற்றார் கட்டிக் கொடுத்தார்கள் என்று ஒருவர் எழுதினால் நாம் பொறுத்துக்கொள்வோமா? மாயா மக்கள் அதைத்தான் நானூறு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சம் பேர் மாண்டோ காணாமலோ போனார்கள். அடையாளம் காணப்பட்ட பலியானோரில் 83 விழுக்காட்டினர் மாயா மக்கள் என்று 1999இல் ஐ.நா. ஆதரவு பெற்ற உண்மை ஆணையம் அறிவித்தது. அந்தத் துயரைத் தம் குடும்பத்திலேயே கண்ட கிச்சே பெண் ரிகோபெர்த்தா மெஞ்சு, 1992இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றார். குவாத்தமாலாவின் மாயா மொழிகள் கழகம் 1990இல் அமைந்தது. அந்தப் போர்க்காலத்திலேயே லிண்டா ஷீல் போன்ற அறிஞர்கள் மாயா மக்களுக்கே அவர்களுடைய பழைய எழுத்தை வாசிக்கப் பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். தாத்தாவின் கல்லைப் பேரன் வாசிக்கக் கற்றான். அதைவிடப் பெரிய பாரம்பரியத்தை எனக்குத் தெரியாது.

சிங்கப்பூர்க் கல்லுக்கு வருவோம். கல்கத்தாவுக்குப் போனவற்றில் ஒரு துண்டு 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ராஃபிள்ஸ் அரும்பொருளகம் கேட்டு இங்கே திரும்பியது. இன்றைக்குத் தேசிய அரும்பொருளகத்தின் உடைமை. 2006இல் நாட்டின் அரும்பொருள்களில் ஒன்றாக அறிவித்தார்கள். எழுத்து காவி. பல்லவ எழுத்திலிருந்து தென்கிழக்காசியாவில் கிளைத்தது. நம் கிரந்தத்துக்குச் சொந்தக்காரன். மொழி பழைய ஜாவானியமா, சமஸ்கிருதமா என்பது இன்னும் தீரவில்லை. கல்லின் காலத்தை 10ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரை எங்கும் வைக்கிறார்கள்.

2019இல் இயன் சின்க்ளேர் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர், பழைய படிகளிலிருந்து 'கேசரிவ' என்ற எழுத்துத் தொடரை அடையாளம் கண்டார். அது 'பரகேசரிவர்மன்' என்பதன் பகுதியாக இருக்கலாம் என்பது அவர் முன்வைத்த கருத்து. சோழ அரசர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் புனைந்தவர்கள். 1025இல் ஸ்ரீவிஜயத்தின் மீதும் கடாரத்தின் மீதும் கப்பற்படை அனுப்பிய முதலாம் ராஜேந்திரன் ஒரு பரகேசரி. வாசிப்பு நிலைத்தால் கல்லின் காலம் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் போகும். ஃபோர்ட் கேனிங் குன்றில் தொல்லியலாளர் ஜான் மிக்ஸிக் 1984 முதல் அகழ்ந்து காட்டிய 14ஆம் நூற்றாண்டுத் தெமாசெக்குக்கும் முந்தைய ஊர் ஒன்று இங்கே இருந்தது என்று ஆகும். அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் உள்ள எழுத்துகள் இல்லை. அதனால் இதை நல்ல ஊகமாகவே நான் வைத்துக்கொள்கிறேன். மயன் கதைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இங்கே சரிபார்க்க எழுத்து இருக்கிறது. தவறென்றால் தவறென்று காட்டவும் முடியும்.

சரிபார்க்க மொழி தெரிந்த வாயும் வேண்டும். 2020 கணக்கெடுப்பில், வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் சிங்கப்பூர்க் குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு. பத்தாண்டுக்கு முன் 3.3 ஆக இருந்தது. ரயில் நிலையத்தில் தமிழ் இருப்பது நம் பெருமை. ஆனால் கல்லை வாசிக்க வைப்பது வாயில் இருக்கும் மொழி என்பதை மாயா மக்கள் காட்டியிருக்கிறார்கள்.

நம் பிள்ளைகளில் யாராவது ஒருவர் கிரந்தமும் காவியும் பழைய ஜாவானியமும் சேர்த்துப் படிக்க முன்வந்தால், அவருக்குக் காத்திருக்கும் வேலை தெளிவானது. பிளாண்டின் மாவுப்படியை வைத்துப் பிரின்செப் அச்சிட்ட படம் இருக்கிறது. லோ அனுப்பிய துண்டுகளைப் பார்த்துக் கல்கத்தாவில் லெய்ட்லி என்பவர் 1848இல் வெளியிட்ட படங்கள் இருக்கின்றன. திரும்பி வந்த துண்டு இருக்கிறது. திரும்பாதவற்றைக் கொல்கத்தாவில் தேடிப் பார்க்க வேண்டும். பிறகு அத்தனையையும் ஒரே மேசையில் பரப்பி, ஆற்று மணலில் எங்காவது எழுத்துள்ள இன்னொரு சில்லு கிடைக்குமா என்று பார்த்தபடி, 'கேசரிவ'வுக்கு இடப்பக்கம் 'பர' நின்ற தடம் உண்டா என்பதிலிருந்து தொடங்கலாம்.